கற்றல் மையம் "என்ன உதவி வேண்டும்" என்று கேட்கிறது. என்ன எழுதுவது?

சாக்பீஸ் கேட்டது:

வணக்கம். நான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் திடீரென்று ஒருநாள் கூப்பிட்டு, "இனிமேல் பள்ளியின் தொழில்நுட்பப் பொறுப்பு உங்களுடையது டீச்சர்" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுக்கத் தெரிந்தவள் ஆசிரியர் அறையில் நான் ஒருத்திதானாம். தகுதி அவ்வளவுதான்.

இந்த வாரம் எங்கள் பகுதிக் கற்றல் மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுற்றியுள்ள பள்ளிகள் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த உதவுகிறார்களாம். "உங்கள் தேவைகளைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி. அதன் கீழே நாலு கோடு போட்ட காலி இடம். அந்த நாலு கோட்டில் என்ன எழுதுவது என்பதுதான் என் கேள்வி.

எங்களிடம் இருப்பது இது. ஒரு பீரோ நிறைய டேப்லெட், அதில் பாதிக்குச் சார்ஜ் ஏறுவதில்லை. கணினி அறையில் விண்டோஸ் 10 போட்ட பழைய கணினிகள், ஆன் செய்துவிட்டு வருகைப்பதிவு எடுத்து முடித்தால் அப்போதுதான் திரை தெரியும். நல்ல ப்ரொஜெக்டர் ஒன்று உண்டு, ஆனால் அதன் சாவி இன்றைக்கு யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இணையம் அலுவலக அறையில் ஜம்மென்று வரும், கடைசி வகுப்பறைக்குப் போவதற்குள் செத்துவிடும்.

இதற்கு முன்பு ஒரு நிறுவனம் வந்து நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தது. எல்லா ஆசிரியர்களையும் கூடத்தில் உட்கார வைத்து ஸ்லைடு மேல் ஸ்லைடாகக் காட்டினார்கள், சான்றிதழும் தந்தார்கள். அன்று காட்டிய எதையும் யாரும் வகுப்பில் திறந்து நான் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து. மறுபடியும் அப்படி ஒரு நாளா என்று சக ஆசிரியர்கள் இப்போதே முறைக்கிறார்கள்.

தலைமையாசிரியருக்கோ 3டி பிரிண்டர் மீது ஆசை. பெற்றோர் வந்தால் காட்டலாம் என்கிறார்.

இந்த மாதிரி மையங்களோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பயிற்சி மட்டும்தான் தருவார்களா? பழுது பார்ப்பார்களா? பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதியெல்லாம் கேட்டால் கொடுக்கலாமா? எல்லாம் என் ஒருத்தி தலையில் விழாமல் இருக்க என்ன வழி?


பரவளையம் எழுதியது:

டீச்சர், நான் கணக்கு வாத்தியார். என் அனுபவம் ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி மையத்திலிருந்து வந்தவர் முதலில் எதையும் காட்டவில்லை. "எந்தப் பாடம் எடுத்தால் வருஷா வருஷம் பசங்க முழிக்கிறாங்க?" என்று கேட்டார். இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் என்றேன். கரும்பலகையில் ஒரு பரவளையம் வரையவே எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். குணகத்தை மாற்றினால் வளைவு எப்படி மாறும் என்று காட்ட இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அதற்குள் மணி அடித்துவிடும்.

அவர் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளைத் திறந்து மூன்று குணகங்களுக்கும் மூன்று ஸ்லைடர் வைத்துக் கொடுத்தார். முதல் குணகத்தை நகர்த்தினால் வளைவு குறுகுகிறது, விரிகிறது, பூஜ்யத்தைத் தாண்டினால் தலைகீழாகிறது. கடைசி மாறிலியை நகர்த்தினால் அப்படியே மேலே போகிறது, கீழே வருகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். நடுக் குணகத்தை நகர்த்தியபோது ஒரு பையன், "சார், அதோட முனை சும்மா பக்கவாட்டில் போகலை, அதுவும் ஒரு வளைவிலேதான் போகுது" என்றான். முனைப்புள்ளியின் தடத்தைப் பதியச் சொன்னோம். அதுவே இன்னொரு பரவளையம், தலைகீழாக. இத்தனை வருஷம் பாடம் எடுத்த நான் அதை ஒருநாளும் வரைந்து காட்டியதில்லை.

இணையம் தேவைப்படவில்லை. ஜியோஜீப்ராவைக் கணினியிலேயே நிறுவிவிட்டார்கள். 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் ஆரம்பித்த மென்பொருள் அது, வகுப்பறையில் இலவசமாகவே பயன்படுத்தலாம். எனக்குக் கிடைத்த உதவி அந்த ஒரு கோப்பும், அதை வைத்து அவர் என்னோடு எடுத்த ஒரு வகுப்பும்தான். அதற்கே நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.


வயரக்கா எழுதியது:

சாக்பீஸ் டீச்சர், நான் அப்படிப்பட்ட ஒரு மையத்தில் ரொம்ப காலம் வேலை பார்த்தவள். கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் வயர் தொங்கும், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் இது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். அந்த நாலு கோட்டில் "ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் மறுபடியும் கூடம், ஸ்லைடு, சான்றிதழ்தான். மையத்தின் மேல் தப்பில்லை, கேட்டதைத்தானே தருவார்கள். கரையில் நிறுத்தி வைத்து நீச்சல் சொல்லிக் கொடுத்த கதை அது. அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள். விளக்கிச் சொல்லி, செய்து காட்டி, பயிற்சியும் கொடுத்தாலும், அதற்குப் பிறகு வகுப்பறையில் யாராவது கூட நின்று கைகொடுக்காவிட்டால், கற்றதைப் பாடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் மிகச் சிலரே. நாற்பது வருஷம் ஆகியும் கூடத்தில் ஸ்லைடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது ஓர் ஆள். பள்ளி நடக்கிற சாதாரண நாளில், உங்கள் பாடவேளையில், உங்கள் பிள்ளைகள் முன்னால் வந்து நிற்கிற ஆள். முதல் வகுப்பை அவர் எடுக்கட்டும், நீங்கள் பாருங்கள். அடுத்ததை இரண்டு பேருமாக எடுங்கள். அதற்கடுத்து நீங்கள் எடுங்கள், அவர் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். ஏதாவது திறக்கவில்லை என்றால் எழுந்து வரட்டும், இல்லையென்றால் உட்கார்ந்தே இருக்கட்டும். எங்கள் மையத்தில் எங்களுக்கு வைத்திருந்த விதி, ஆசிரியர் தானாகத் திணறி முடிக்கும்வரை மவுஸைத் தொடக் கூடாது. இந்தக் கடைசிப் படிதான் கஷ்டம். சும்மா உட்காரச் சம்பளமா என்று மேலே கேள்வி வரும்.

இரண்டாவது, பரவளையம் சார் சொன்னதுதான். கருவியை வைத்துக்கொண்டு பாடம் தேடாதீர்கள், பாடத்தை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போங்கள். நீங்கள் அறிவியல் என்பதால் ஓர் உதாரணம். மின்சுற்றுப் பாடத்தில், பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, அதனால் பல்பைத் தாண்டிய பிறகு கம்பியில் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று பிள்ளைகளில் பாதிப் பேராவது நம்புவார்கள். நிஜப் பல்பும் பேட்டரியும் வைத்தால் வெளிச்சம் தெரியும், ஆனால் கம்பிக்குள் நடப்பது தெரியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் ஒரு மின்சுற்று சிமுலேஷன், அதாவது திரையிலேயே செய்து பார்க்கிற மாதிரிச் சோதனை, இருக்கிறது. எலெக்ட்ரான்கள் குட்டி உருண்டைகளாக நகரும். பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். அந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தம் வரும் பாருங்கள்! அப்புறம் நிஜக் கம்பிக்கு வாருங்கள். இயற்பியலில் 2001இல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் அடுத்த வருஷம் தொடங்கிய திட்டம் அது. இப்போதுள்ள சிமுலேஷன்களை ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் ஓடும்.

ஆனால் விதை முளைப்பதற்கு வீடியோ போடாதீர்கள். ஈரத்துணியும் நாலு பயறும் போதும். ஒரு நல்ல மையத்துக்காரர் இதை அவராகவே சொல்ல வேண்டும். "இந்தப் பாடத்துக்குக் கணினி வேண்டாம்" என்று ஒருமுறையாவது சொல்லாதவரை நான் நம்ப மாட்டேன்.

இப்போது உங்கள் பீரோ. மையத்தை முதலில் பள்ளியைச் சுற்றி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதி டேப்லெட் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் விடுமுறைதான். லித்தியம் அயான் பேட்டரியை முழுக்க வடிந்த நிலையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விடும். அதன் பிறகு பாதுகாப்புச் சுற்று அதைச் சார்ஜ் ஆகவே விடாது. நூறு சதவீதம் ஏற்றி வெயில் அடிக்கிற ஜன்னலோரம் வைப்பதும் கெடுதல். நீண்ட விடுமுறைக்கு முன்னால் பாதி அளவு சார்ஜோடு அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள். செத்ததாகத் தோன்றும் சிலவற்றை நல்ல சார்ஜரில் சில மணி நேரம் விட்டுவைத்தால் எழுந்துவிடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். எதனுடைய பேட்டரியாவது உப்பியிருந்தால் மட்டும் பயன்படுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியாக எடுத்து வையுங்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

இணையம். அலுவலக அறையில் ஒரே ஒரு ரவுட்டர் இருக்கும், சரியா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். கடைசி வகுப்பறை வரை ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்பும் பெட்டி, வைப்பதுதான் தீர்வு. அதிக வேக இணையத்துக்குப் பணம் கட்டுவது தீர்வு இல்லை, வாசலில் எவ்வளவு வந்தாலும் உள்ளே போனால்தானே! பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் 2.4இல் சேனல் 1, 6, 11 என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள், மற்ற சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

இன்னொன்று, அப்டேட். ஓர் அப்டேட் 500 எம்பி என்று வையுங்கள். நாற்பது டேப்லெட்டை ஒரே நேரத்தில் ஆன் செய்தால் 20 ஜிபி இழுக்கும். அன்றைய பாடம் போச்சு. முதல் நாள் சாயங்காலம் சார்ஜில் போட்டு அப்டேட்டை முடித்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கத்தாலேயே "டேப்லெட் வகுப்பு சரிப்பட்டு வராது" என்று கைவிட்ட ஆசிரியர்கள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இணையமே வராத வகுப்பறைக்கும் வழி உண்டு. கொலிப்ரி என்று ஒரு மென்பொருள். ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலோ போட்டு, பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், சுற்றியுள்ள டேப்லெட்கள் வைஃபை வழியாக அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெளி இணையம் வேண்டாம். அதே மாதிரி கீவிக்ஸ், விக்கிப்பீடியாவையே பெட்டிக்குள் வைத்துத் தரும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவுக்கு வரும், தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அதில் சிறு பங்கு இடம் போதும். இப்படி ஒரு பெட்டியைத் தயார் செய்து தர முடியுமா என்று மையத்திடம் கேளுங்கள். அவர்களுக்கு ஒரு பிற்பகல் வேலை.

கணினி அறைக்கு வருகிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டாலே நீங்கள் சொன்ன வருகைப்பதிவுக் காத்திருப்பு முடிந்துவிடும். மேலே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளத்தைப் போட்டால் ஜியோஜீப்ரா, லிப்ரே ஆஃபிஸ், பிரவுசர் எல்லாம் ஓடும். ஆனால் முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டு ஒரு மாதம் பிள்ளைகள் கையில் விட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் அறை முழுக்க மாற்றுகிறேன் என்று சொல்கிறவரிடம் பிரிண்டர் வேலை செய்யுமா என்று கேளுங்கள், அவர் வேகம் குறையும்.

பழுது பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். மையத்துக்கு மையம் மாறும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எது அவர்கள் வேலை, எது பள்ளியின் வேலை, போன் செய்தால் எத்தனை நாளில் வருவார்கள். வாய்மொழியாகப் பேசியது ஆள் மாறினால் மாறிவிடும்.

பிள்ளைகளின் விவரங்கள்: கொடுக்காதீர்கள், தேவையே படாது. பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் வேண்டுமென்றால் அதைக் கணினியில் நிறுவிவிடலாம், கணக்கே தேவையில்லை. கணக்கு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆசிரியர் கணக்கின் கீழே வகுப்பைத் திறந்து, பிள்ளைகளுக்கு நிஜப் பெயர் இல்லாத பயனர் பெயர் கொடுங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்வி இரண்டு. பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் அவன் தகவலை யார் அழிப்பார்கள்? எந்தப் பொத்தானில்? பதில் சொல்ல முடியாத செயலியை நான் உள்ளே விட்டதில்லை.

எல்லாம் உங்கள் தலையில் விழாமல் இருக்க: இன்னொரு ஆசிரியரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கணினி என்றாலே ஒதுங்கிப் போகிற ஒருவரை. அவருக்குப் புரிந்தால் பள்ளிக்கே புரியும். பிள்ளைகளில் சிலரை உதவியாளர்களாக்குங்கள். ஒரே ஒரு விதி: உதவி செய்யும்போது கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், வாயால் மட்டும்தான் சொல்ல வேண்டும். அடுத்தவன் மவுஸைப் பிடுங்கினால் பதவி போச்சு.


ரிடையர்டு_எச்எம் எழுதியது:

வயரக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எல்லா மையத்திலும் வயரக்கா இல்லையே அம்மா.

நான் பொறுப்பில் இருந்தபோது எங்கள் பக்கத்து மையம் ஒன்று வந்தது. எத்தனை ஆசிரியர் வந்தார்கள், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று கையெழுத்து வாங்கியது. போட்டோ எடுத்தது. அவ்வளவுதான். பிள்ளைகள் எதையாவது புதிதாகப் புரிந்துகொண்டார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, அது எங்கள் படிவத்தில் இல்லை என்றார்கள்.

யுனெஸ்கோ 2023இல் கல்வியில் தொழில்நுட்பம் பற்றியே தன் உலக அறிக்கையை வெளியிட்டது. தொழில்நுட்பத்தால் கற்றல் உண்மையில் கூடுகிறது என்பதற்கு வலுவான, சார்பில்லாத சான்று குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வு 2012இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் கூடவில்லை. ஆகையால் டீச்சர், மையத்துக்காரர் வந்ததும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "எதைப் பார்த்து இது பலித்தது என்று சொல்வீர்கள்?" என்பதுதான். பதில் வருகைப்பதிவேடாக இருந்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.


வயரக்கா எழுதியது:

எச்எம் ஐயா, போட்டோ விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். நானும் அந்தப் படிவங்களை நிரப்பியவள்தான், என்ன கேட்கப்படுகிறதோ அதற்குத்தான் வேலை நடக்கும்.

பெரு விஷயத்தில் மட்டும் ஒரு சொல். கணினி கைக்கு வந்ததும், பிள்ளைகள் அதை அதிகம் பயன்படுத்தியதும் அதே ஆய்வில் இருக்கிறது. வராதது பாடம். பெட்டி வந்தது, பெட்டியை எந்தப் பாடத்தில் எப்படி எடுப்பது என்று ஆசிரியர் பக்கத்தில் நின்று காட்ட ஆள் போதவில்லை. நான் அந்த ஆளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்கச் சொன்ன கேள்வி சரியான கேள்வி. பதில் இப்படி இருக்கலாம்: மின்சுற்றுப் பாடத்துக்கு முன்னால் "பல்புக்குப் பின்னால் மின்னோட்டம் கூடுமா, குறையுமா, அதேதானா" என்று ஒரு துண்டுத்தாளில் எழுத வைப்பது. பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்பது. இரண்டு கட்டுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மென்பொருள் ஒன்றும் வேண்டாம்.

பணம் நின்றால் மையம் நிற்கும் என்பதையும் மனதில் வையுங்கள். இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நகரப் பள்ளிகளுக்கான திட்டத்தில் சிட்டி லேர்னிங் சென்டர் என்று நூற்றுக்கும் மேல் திறந்தார்கள். ஒரு பள்ளியில் மையம், அதைச் சுற்றியுள்ள பள்ளிகள் எல்லாம் அதன் கருவிகளையும் ஆட்களையும் பகிர்ந்துகொள்ளும். நல்ல ஏற்பாடு. 2010க்குப் பிறகு அரசு நிதி நின்றதும் பல மூடப்பட்டன, சில கட்டணம் வாங்கி ஓட்டின. அதனால் மையத்தார் செய்கிற எல்லாவற்றையும் அன்றன்றே பள்ளியின் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வைஃபை கடவுச்சொல், எந்தக் கணினியில் என்ன நிறுவியது, எந்தப் பாடத்துக்கு எந்தக் கோப்பு. ப்ரொஜெக்டர் சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.


செவிவழி எழுதியது:

சிறப்பு ஆசிரியராக இருப்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன், யாரும் சொல்லவில்லை. வகுப்பு முழுவதற்கும் என்ன வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், பார்ப்பதோ காது கேட்பதோ எழுதுவதோ சிரமமான பிள்ளை யாராவது இருந்தால் மையத்தை முதலில் அந்தப் பிள்ளைக்காகக் கூப்பிடுங்கள். தொழில்நுட்பத்தின் பலன் சந்தேகமே இல்லாமல் தெரிவது அங்கேதான், எச்எம் ஐயாவே ஒப்புக்கொள்வார்.

பார்வையற்ற ஒரு மாணவி எங்களிடம் படித்தாள். மையத்து அண்ணன் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவிக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006இல் தொடங்கியது, பார்வையற்ற இன்னொருவரான ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இலவசம். தமிழும் படிக்கும், ஆனால் அதோடு வரும் குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரி இருக்கும், பழக ஒரு வாரம் எடுத்தது. அப்புறம் அவள் கேட்கும் வேகத்தில் எங்களால் கேட்கவே முடியவில்லை. அந்த அண்ணன் மென்பொருளோடு நிற்கவில்லை. ஆசிரியர்கள் பாடக்குறிப்பைப் புகைப்படமாக அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும் என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னார். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்தக் குரல் தானாக வாசிக்காது. உண்மையில் மாற வேண்டியிருந்தது நாங்கள்தான்.


சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு இடைவேளையில் பீரோவைத் திறந்து பார்த்தேன். ஒரு டேப்லெட் நிஜமாகவே உப்பியிருக்கிறது அக்கா. தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மற்றவற்றில் சில, நீங்கள் சொன்ன மாதிரி சார்ஜில் விட்டதும் எழுந்துவிட்டன.

எங்கள் ஏழாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான், செவிவழி. வீடியோ போட்டால் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் மையத்திடம் முதல் கோட்டில் எதை எழுதுவது என்று முடிவானது.

இன்னும் இரண்டு சந்தேகம். 3டி பிரிண்டர் ஆசையைத் தலைமையாசிரியர் விடுவதாக இல்லை, என்ன சொல்லிச் சமாளிப்பது? அப்புறம், ஏதாவது கருவியை மையத்திடம் இரவல் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது?


செவிவழி எழுதியது:

அவனுக்கு வசனவரி வேண்டும். தானாக வரும் வசனவரியை அப்படியே நம்பாதீர்கள், அறிவியல் சொற்களைக் கண்டபடி எழுதும். போடப் போகிற ஐந்து நிமிட வீடியோவுக்கு மட்டும் மையத்தாரோடு உட்கார்ந்து திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஓடும்போது நீங்கள் பேசாதீர்கள். அவனால் திரையையும் உங்கள் உதட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. நிறுத்திவிட்டு, அவன் பக்கம் திரும்பிப் பேசுங்கள்.


வயரக்கா எழுதியது:

3டி பிரிண்டருக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு சாவிக்கொத்து வில்லை அச்சாக அரை மணி நேரம் என்று வையுங்கள். வகுப்பில் நாற்பது பேர். ஒரே இயந்திரம். மொத்தம் இருபது மணி நேரம், அதுவும் நடுவில் ஒன்றுகூடப் பிசகாமல். பெரும்பாலான நேரம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மையத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கி அவர் கண் முன்னாலேயே ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கட்டும். எந்தக் கருவியானாலும் இதுதான் என் வழி: இரவல் வாங்கிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

இரவலுக்கு நீங்கள் கேட்க வேண்டியது மைக்ரோ:பிட் பெட்டி. பிபிசி 2016இல் பிரிட்டனின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே கொடுத்த குட்டிக் கணினிப் பலகை அது. 25 சிவப்பு விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சார், வெப்பநிலை அளவு எல்லாம் அதிலேயே இருக்கிறது. பேட்டரி மாட்டி ஜன்னலோரம் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று வைத்தால் வெப்பநிலைப் பாடம் தானாக நடக்கும். அது காட்டுவது அதிலுள்ள சில்லின் சூடு, அறையைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஏன் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள், அது தனியாக ஒரு நல்ல பாடவேளை.

பெட்டி வரும்போது மூன்றைச் சரிபாருங்கள். பேட்டரிக் கூடுகள் எண்ணிக்கை சரியா. யூஎஸ்பி கேபிள் எல்லாம் தகவல் போகிற கேபிளா, ஏனென்றால் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் மைக்ரோ:பிட்டின் விளக்கு எரியும், ஆனால் கணினிக்கு அது கண்ணில் படாது, பிள்ளைகள் புரோகிராம் தப்பு என்று அழுவார்கள். உங்கள் கணினிகளின் யூஎஸ்பி போர்ட்டுகளை யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும் முந்தின நாளே ஒரு மைக்ரோ:பிட்டை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.